‘டார்மாக்’ அத்தியாயத்தைத் தமிழ் சப்டைட்டிலோடு மறுபடி பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் வீடுகளில் கூடிப் பழைய ஸ்டார் டிரெக் அத்தியாயங்களைத் திரும்பப் பார்ப்பவர்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோரும் பாட்டி தாத்தாவும் சேர்ந்து பார்க்கவேண்டும் என்று பலர் தாங்களே சப்டைட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த ஓர் அத்தியாயத்தில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் இதற்கு மட்டும் தனிப் பக்கம்.

இது எந்த அத்தியாயம்? கதை என்ன?

‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் ஐந்தாம் சீசனில் இரண்டாவது அத்தியாயம். முதலில் ஒளிபரப்பானது 1991 செப்டம்பர் 30. திரைக்கதை ஜோ மெனோஸ்கி, இயக்கம் வின்ரிக் கோல்பே. ஓடும் நேரம் முக்கால் மணி.

தமாரியர் என்று ஓர் இனம். நூறு ஆண்டுகளில் ஏழு முறை மனிதர்களின் கப்பல்களைச் சந்தித்திருக்கிறார்கள். சண்டை வந்ததில்லை, ஆனால் ஒரு வார்த்தைகூடப் புரிந்ததில்லை. மொழிபெயர்ப்புக் கருவி சொற்களைத் தருகிறது, பொருள் வரவில்லை. எட்டாவது சந்திப்பில் தமாரியக் கேப்டன் டேத்தன், எண்டர்பிரைஸ் கப்பலின் கேப்டன் பிக்கார்டைத் தன்னோடு எல்-ஆட்ரல் என்ற ஆளில்லாத கோளில் இறக்கிவிடுகிறார். கையில் இரண்டு கத்திகள். அங்கே ஒரு விலங்கு. பொது ஆபத்து ஒன்றைச் சேர்ந்து எதிர்த்தால் பேச்சு பிறக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. டேத்தன் திரும்பத் திரும்பச் சொல்லும் ‘டார்மாக்கும் ஜலாடும், டனாகிராவில்’ உட்பட, தமாரியர் பேச்சு முழுக்க அவர்களுடைய பழங்கதைகளின் சுட்டு என்பது பிக்கார்டுக்கு மெல்ல மெல்லப் புரிகிறது. புரியும் நேரத்தில் டேத்தன் இறந்துவிடுகிறார்.

முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்று கவலைப்பட வேண்டாம். தெரிந்தபின் பார்க்கும்போதுதான் முதல் ஐந்து நிமிடம் புரியவே செய்யும்.

தொடரின் முன்கதை தெரியாதவர்கள் உட்காரலாமா?

தாராளமாக. கேப்டன் பிக்கார்ட், அவர் இல்லாதபோது பொறுப்பேற்கும் ரைக்கர், மனித உருவில் இயந்திரமான டேட்டா, உணர்வுகளை உணரும் ஆலோசகர் டிராய். இந்த நால்வரைச் சொல்லிவிட்டால் போதும்.

எந்தப் பிரதியை வாங்குவது? இங்கே ஓடுமா?

டிவிடி என்றால் மலேசியா 3ஆம் மண்டலம். அமெரிக்கத் தட்டு 1, பிரிட்டன் தட்டு 2. வீட்டு பிளேயர் எல்லா மண்டலத்தையும் ஏற்குமா என்று முதலில் பாருங்கள். கணினியின் டிவிடி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்றலாம். ஐந்தாவதோடு அது நிலைத்துவிடும். ஆளாளுக்குக் கொண்டுவரும் தட்டுக்கெல்லாம் மாற்றிக்கொண்டிருந்தால் ஒரே மாதத்தில் டிரைவ் பூட்டிக்கொள்ளும்.

புளூரே என்றால் மலேசியாவும் அமெரிக்காவும் ஏ மண்டலம், பிரிட்டன் பி. உறையின் பின்பக்கம் பார்த்து வாங்குங்கள். படத் தரம் புளூரேயில்தான். தொடரை 35 மிமீ பிலிமில் எடுத்து, தொகுப்பையும் தந்திரக் காட்சிகளையும் வீடியோ நாடாவில் முடித்தார்கள். பழைய பிரதிகள் மங்கலாக இருப்பதற்கு அதுதான் காரணம். பிறகு மூல நெகட்டிவை எடுத்து முதலிலிருந்து மறுபடி தொகுத்து, 2012 முதல் 2014 வரை புளூரேயாக வெளியிட்டார்கள். எல்-ஆட்ரலின் இரவுக் காட்சியில் இந்த வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். பழைய பிரதியில் டேத்தனின் முகம் ஒரே பழுப்புத் திட்டு. புதியதில் நெருப்பு வெளிச்சம் அவர் நெற்றி மேடுகளில் ஏறி இறங்குவது தெரியும்.

ஆனால் நாமே எழுதிய தமிழ் சப்டைட்டிலைப் பல புளூரே பிளேயர்கள் ஏற்காது. அதனால் தமிழோடு பார்க்கும் நாளில் டிவிடியைக் கணினியில் விஎல்சி என்ற பிளேயர் மென்பொருள் வழியாக ஓட்டி, ஹெச்டிஎம்ஐ கம்பியில் டிவிக்குக் கொண்டுபோவதே சிரமமில்லாத வழி.

எல்லாரும் குண்டாகத் தெரிகிறார்களே?

டிவி படத்தை இழுத்துக் காட்டுகிறது. தொடர் 4:3 வடிவத்தில் எடுக்கப்பட்டது. முழு ஹெச்டி திரையில் அது 1440 புள்ளி அகலம்தான் பிடிக்கவேண்டும், இருபக்கமும் 240 புள்ளி கறுப்பாக இருக்கவேண்டும். கறுப்பை நிரப்பச் சொன்னால் முகங்கள் மூன்றில் ஒரு பங்கு அகன்றுவிடும். ரிமோட்டில் படவடிவத்தை 4:3 என்று வையுங்கள்.

தமாரியர் சொல்வதைச் சப்டைட்டிலில் விளக்கிவிட்டால் என்ன? பாட்டிக்குப் புரியவேண்டாமா?

விளக்கவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

‘ஷாக்கா, மதில்கள் சரிந்தபோது’ என்று டேத்தன் சொல்லும் இடத்தில் ‘தோற்றுவிட்டோம்’ என்று எழுதினால் பாட்டிக்கு அந்த நொடி புரியும்; அத்தியாயம் புரியாது. பிக்கார்ட் எதற்காகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார் என்று அவர் கேட்பார். பார்ப்பவருக்கும் பிக்கார்டுக்கும் ஒரே நேரத்தில் விடியவேண்டும். அடைப்புக்குறிக்குள் பொருள் கொடுப்பதும் அதே தவறுதான்.

இன்னொரு தவறு, நம் கதைகளைக் கொண்டுவந்து நுழைப்பது. கொடையைச் சுட்டும் தமாரியப் பெயரான ‘டெம்பா’ வரும் இடத்தில் ‘கர்ணன்’ என்று போட்டால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கர்ணன் யாரென்று நமக்குத் தெரியும், டெம்பா யாரென்று பிக்கார்டுக்குத் தெரியாது. தெரியாமை முழுதாக அப்படியே தமிழுக்கு வரவேண்டும். நம் கர்ணனைப் படம் முடிந்தபின் பேச்சில் வைத்துக்கொள்ளலாம். அங்கே அவருக்கு நிறைய வேலை இருக்கிறது.

அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றினால் போதும்தானே?

போதாது. தமிழில் சில உடல் அசைவுகளும் பொருள்களும் ஏற்கெனவே மரபுத்தொடராக உறைந்துபோயிருக்கின்றன. அவை தமாரியப் பொருளை நேர் எதிராகத் திருப்பிவிடும். அதிகம் பேர் விழும் குழிகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

டெம்பாவின் கைகள். இரவில் குளிரில் நடுங்கும் பிக்கார்டுக்கு டேத்தன் எரியும் கட்டை ஒன்றைத் தூக்கிப் போடும்போது வரும் வரி இது. கொடுக்கிறேன், எடுத்துக்கொள் என்று பொருள். ‘டெம்பா, கைவிரித்து’ என்று எழுதிப் பாருங்கள். நம் ஊரில் கைவிரித்தான் என்றால் உதவமாட்டேன் என்று சொல்லிவிட்டான் என்று அர்த்தம். கொடை மறுப்பாகிவிட்டது! ‘டெம்பா, இரு கரங்களும் அகல நீட்டி’ என்பதே சரி.

மிராபின் பாய். கப்பல் புறப்படுவதைச் சுட்டும் வரி. ‘மிராப், பாய் விரித்து’ என்று எழுதினால் அவர் படுக்கப் போகிறார். ‘மிராப், கப்பற்பாய் ஏற்றி’ என்று எழுதுங்கள்.

கீட்டியோவின் கண்கள். புரிந்துகொள்ள மறுப்பவனைச் சொல்லும் வரி. ‘கண் மூடி’ என்றால் இறந்துபோனதாகத் தொனிக்கும், அதுவும் ஒரு கேப்டன் சாகப்போகும் கதையில். ‘கீட்டியோ, கண்களை இறுக்கி மூடி’ என்றால் பிடிவாதம் தெரியும்.

உசானியின் படை. பிரிந்து நின்று இழுத்து, சேர்ந்து அடிக்கும் போர்த் தந்திரம். முதலில் விரிந்த கை, பிறகு மூடிய முட்டி. இங்கேயும் ‘கை விரித்து’ வேண்டாம். ‘உசானி, படை விரல்கள் விரிந்து’, ‘உசானி, படை முட்டி மடங்கி’ என்று இரட்டையாக வைத்தால் இரண்டாவதைக் கேட்கும்போது முதலாவது நினைவுக்கு வரும்.

டெமார்க் ஆறு. ஆங்கிலத்தில் ‘டெமார்க் ஆறு, குளிர்காலத்தில்’ என்று இருக்கிறது. பொருள்: அமைதி, பேசாதே. ஆறு உறைந்து ஓசையடங்கிக் கிடக்கும் காட்சி. இங்கே பிறந்து வளர்ந்தவருக்கு ஆறு உறையும் என்பது சட்டென்று மனதில் வராது. சிலர் ‘மாரிக்காலத்தில்’ என்று எழுதுகிறார்கள். மாரியில் ஆறு கரைபுரண்டு இரையும், கோம்பாக் ஆற்றங்கரையில் ஒரு மழைநாள் நின்றாலே தெரியும். ‘டெமார்க் ஆறு, உறைபனிக் காலத்தில்’ என்று எழுதலாம். ஒரு சொல் கூடுகிறது, ஆனால் அது விளக்கம் அல்ல, காட்சி.

மாறாக ஒரு வரி தமிழில் வைரம் மாதிரி உட்காரும். ‘ஜிண்டா, முகம் கறுத்து, கண் சிவந்து.’ ஆங்கிலம் அறிந்தவர்களுக்கு முகம் கறுப்பதுதான் புதிராக இருக்கும். நமக்கு இல்லை. கறுப்பும் சிவப்பும் வெகுளியைக் குறிக்கும் என்று தொல்காப்பிய உரியியலே சொல்லிவிட்டது. இந்த வரியில் மட்டும் தமிழ்ப் பார்வையாளர் பிக்கார்டைவிட ஓரடி முன்னால் இருப்பார். அதைக் கெடுக்காதீர்கள்.

வாக்கியத்தை வினைமுற்றோடு முடிக்கலாமா? ‘மதில்கள் சரிந்தன’ என்பதுதானே இயல்பு?

முடிக்கவேண்டாம். தமாரியப் பேச்சில் பெயரும் நிலையும்தான் இருக்கின்றன. நடந்தது, நடக்கிறது, நடக்கும் என்று பெரும்பாலும் எதுவும் சொல்வதில்லை. தமிழில் அதற்கு எச்சம் இருக்கிறது. ‘நீட்டி’, ‘ஏற்றி’, ‘சரிந்தபோது’ என்று நிறுத்தினால் காது அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கும். எண்டர்பிரைஸ் கப்பலின் கட்டுப்பாட்டு மேடையில் நிற்பவர்கள் படுவதும் அதே தவிப்புதான்.

பெயரை எப்போதும் முதலில் வையுங்கள். ‘அகல நீட்டிய கரங்களோடு டெம்பா’ என்பது தமிழுக்கு இயல்பான வரிசை. ஆனால் பிக்கார்ட் முதலில் பிடித்துக்கொள்வது பெயர்களைத்தான், அவர் ‘டெம்பா?’ என்று திருப்பிக் கேட்கும்போது திரையில் அந்தச் சொல் ஏற்கெனவே முன்னால் நின்றிருக்கவேண்டும்.

பெயர்களை எப்படி எழுதுவது?

வாசிக்கும்போது வேறு தமிழ்ச் சொல்லாக மாறிவிடாத எழுத்தைத் தேர்ந்தெடுங்கள். ‘சோகத்’ என்று எழுதினால் கண் அதைச் சோகம் என்றே வாசிக்கும். அந்த வரியோ கண் திறந்த மகிழ்ச்சியைச் சொல்வது. ‘சோக்காத், கண்மறைப்பு விலகி’ என்று எழுதுங்கள். ‘கிட்டேயோ’ என்றால் பக்கத்திலா என்று கேட்பது போலிருக்கிறது, எனவே கீட்டியோ. ‘டனாக்ரா’ என்றால் க் அழுத்தமாக ஒலிக்கும். ‘டனாகிரா’ என்றால் மூலத்தின் மெல்லொலி வரும். டெம்பாவில் கவலையே இல்லை, ம்-க்குப் பின் பா தானாகவே மெலிந்துவிடும்.

ஒருமுறை எழுதிய எழுத்தைக் கடைசிவரை மாற்றாதீர்கள். இருவர் பாதிப் பாதி எழுதும்போது ‘ஜலாட்’ ‘ஜலாத்’ இரண்டும் வந்துவிடும்; பார்ப்பவர் இரண்டு ஆட்கள் என்று எண்ணிக்கொள்வார். தொடங்குமுன் பெயர்ப் பட்டியல் ஒன்றை எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிக்கார்ட் டேத்தனிடம் ‘நீ’யா, ‘நீங்கள்’ஆ?

‘நீங்கள்’. இருவரும் கேப்டன்கள். நெருப்பருகே நெருக்கம் வந்தபிறகும் மாற்றவேண்டாம். இறக்கும் மனிதரிடம் பேசும்போது ‘நீங்கள்’தான் கனம் தருகிறது. ரைக்கர் பிக்கார்டிடம் ‘சார்’. இறக்கும் டேத்தனுக்குப் பிக்கார்ட் சொல்லும் பழைய மெசபடோமியக் கதையான கில்காமேஷ் கதைக்குள் வரும் என்கிடுவும் கில்காமேஷும் மட்டும் ‘அவன்’ என்றே இருக்கட்டும், நாம் கதை சொல்வது அப்படித்தான்.

மொழிபெயர்ப்புக் கருவி ஏன் தோற்றது?

சொற்களில் அது தோற்கவே இல்லை. ஆறு, மதில், கை, கண் எல்லாம் சரியாக வந்தன. அதனிடம் கதை இல்லை.

டேட்டாவும் டிராயும் கணினியில் தேடும் காட்சியைக் கவனியுங்கள். டார்மாக் என்ற பெயருக்கு ஓர் அரசன், ஒரு குடியேற்றம், ஓர் உறைபனி இனிப்பு, ஷாண்டில் 3 என்ற கோளின் புராண வேட்டைக்காரன் என்று விடை வருகிறது. டனாகிராவைத் தேடினால் அதே ஷாண்டில் 3இல் ஒரு தீவுக் கண்டம். இரண்டையும் பொருத்திவிடுகிறார்கள். பிறகும் நிற்கிறார்கள், ஏனென்றால் அந்தத் தீவில் அந்த வேட்டைக்காரனுக்கு என்ன நேர்ந்தது என்று கணினிக்குத் தெரியாது. ஜூலியட் மாடத்தில் நிற்கிறாள் என்று சொன்னால் காதல் என்று புரிவது கதை தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் என்று டிராய் உதாரணம் காட்டுவது இங்கேதான்.

தமிழிலும் இப்படிப் பேசுவது உண்டுதானே?

உண்டு, ஒவ்வொரு நாளும். ‘அவர் ஒரு சகுனி’ என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. கூனி, விபீஷணன், அரிச்சந்திரன், கும்பகர்ணன் எல்லாம் ஒற்றைச் சொல்லில் முழுக்கதை. மலேசியாவில் நமக்கு இன்னொரு பெட்டியும் இருக்கிறது. பள்ளியில் மலாய் படித்தவர்களிடம் மாட் ஜெனின் என்றால் போதும்: தென்னை மரத்தில் ஏறிக் கனவு கண்டு விழுந்தவன். பாக் காடோக் என்றால் அவனுடைய சேவல் வென்றது, கம்போங் பறிபோனது. இந்த இரண்டு பெயரையும் தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் முகத்தில் வருவதுதான் எண்டர்பிரைஸ் மேடையில் இருந்தவர்களின் முகம்.

ஆழமான ஒப்புமை வேறிடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறோம். சகுனி என்பது ஆளைச் சுட்டுவது. டெமார்க் ஆறு உறைபனிக் காலத்தில் என்பது ஓர் இடமும் ஒரு பொழுதும் மட்டும்; உணர்ச்சியை அவை தாங்கி நிற்கின்றன. சங்கக் காதல் பாடல்களின் மரபான அகத்திணையில் நிலமும் பொழுதும்தான் முதற்பொருள். குறிஞ்சி நிலமும் நள்ளிரவான யாமமும் வந்தால் கூடல், நெய்தல் நிலமும் பொழுது சாயும் எற்பாடும் வந்தால் இரங்கல். உணர்ச்சியின் பெயரைச் சொல்லாமல் இடத்தையும் நேரத்தையும் மட்டும் சொல்லி நிறுத்தும் பழக்கம் தமிழ்க் கவிதைக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். ஆங்கில விமர்சனங்கள் பெரும்பாலும் இதை உருவகம் என்றே பேசுகின்றன. டெமார்க் வரியைப் பொறுத்தவரை திணை என்பதே நெருங்கிய சொல்.

இப்படி ஒரு மொழியில் எப்படிக் கப்பல் கட்டுவார்கள்? குழந்தைக்குக் கதையை எந்த மொழியில் சொல்வார்கள்?

நியாயமான கேள்வி, அத்தியாயம் இதற்கு முழு விடை தரவில்லை. ஆனால் இரண்டு இடங்களைப் பாருங்கள். தமாரியர் முதலில் அனுப்பும் சமிக்ஞை எளிய கணித வரிசை. அளவும் எண்ணும் அவர்களிடம் வேறு வழியில் இருக்கின்றன. டேத்தன் மடியில் ஒரு புத்தகம் வைத்து எழுதுகிறார், எழுத்து இருக்கிறது. குழந்தைகள் கதையைக் கேட்டு அல்ல, நடித்துக் கற்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் பொருந்துகிறது. டேத்தனே பிக்கார்டுக்கு அப்படித்தான் கற்பிக்கிறார். கதையைச் சொல்லவில்லை, அவரை அதற்குள் இறக்கிவிட்டார்.

டேத்தன் அடிபட்டதற்கு யார் காரணம்?

எண்டர்பிரைஸ்தான். இருவரும் சேர்ந்து விலங்கை எதிர்க்கும் நேரத்தில், தமாரியக் கப்பல் போட்ட தடையை மீறிப் பிக்கார்டைக் கப்பலுக்கு மேலே இழுக்க முயல்கிறார்கள். பாதிதான் நடக்கிறது. பிக்கார்ட் ஒளித்திரைக்குள் அசையாமல் நிற்க, டேத்தன் தனியாக மாட்டிக்கொள்கிறார். முயற்சி தோற்று பிக்கார்ட் திரும்பிவரும்போது அவர் தரையில் கிடக்கிறார். ரைக்கர் கெட்டவர் அல்ல, தன் கேப்டனைக் காப்பாற்றத்தான் செய்தார். புரியாதபோது செய்த உதவி உயிரை எடுத்தது. முதல்முறை பார்ப்பவர்கள் விலங்கையே கவனித்து இதைத் தவறவிடுகிறார்கள். இரண்டாவது முறை, கப்பல் காட்சியிலிருந்து கோள் காட்சிக்கு மாறும் அந்த வெட்டில் நிறுத்திப் பேசுங்கள்.

கில்காமேஷ் காட்சிக்கு எப்படிச் சப்டைட்டில் போடுவது?

மெதுவாக, குறைந்த சொல்லில். ஆங்கிலம் தெரிந்தவர்கூட அங்கே பேட்ரிக் ஸ்டூவர்ட்டின் முகத்தைப் பார்க்கவேண்டும், டேத்தனாக நடிக்கும் பால் வின்ஃபீல்டின் மூச்சைக் கேட்கவேண்டும். ஊருக் நகரத்து அரசன் கில்காமேஷ், காட்டிலிருந்து வந்த என்கிடு, கோயிலில் சண்டை, நட்பு, வானக் காளை, என்கிடுவின் சாவு, கில்காமேஷின் அழுகை. ஒரு வரிக்கு ஒரு நிகழ்ச்சி போதும்.

அதற்குச் சற்றுமுன் டேத்தன் பிக்கார்டைக் கதை சொல்லக் கேட்கிறார்: ‘கிரா, பாஷியில். டெம்பா, இரு கரங்களும் அகல நீட்டி.’ கட்டையைப் போட்டபோது வந்த அதே டெம்பா. அங்கே நெருப்பு, இங்கே கதை. இரண்டு இடத்திலும் சப்டைட்டில் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். அழகுக்காக இரண்டாவதைக் கொஞ்சம் மாற்றினாலும் பாலம் இடிந்துவிடும்.

ஒரு வரிக்கு எத்தனை எழுத்து? மென்பொருள் ‘அதிகம்’ என்று சிவப்பு காட்டுகிறதே.

மென்பொருள் எண்ணுவது கணினிக் குறியீடுகளை. ‘வணக்கம்’ நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு ஏழு. எனவே சிவப்பை நம்பாதீர்கள். கண்ணால் எண்ணி ஒரு வரிக்கு 28 முதல் 30 எழுத்து, அதிகம் இரண்டு வரி, குறைந்தது ஒன்றரை நொடி, அதிகம் ஆறு நொடி என்று வையுங்கள். தமாரிய வரிகளுக்கு மட்டும் பேச்சு முடிந்தபின் அரை நொடி கூடுதலாக நிற்கவிடுங்கள், அந்தப் பெயர்கள் கண்ணுக்குப் புதியவை.

எழுத்து சிதைந்து தெரிகிறது. கேள்விக்குறியாகவும் வருகிறது.

இரண்டும் வேறு வேறு நோய். வரிசையாகக் கேள்விக்குறி என்றால் கோப்பைச் சேமித்த முறை தவறு. நோட்பேடில் மறுபடி சேமிக்கும்போது யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமித்துவிட்ட கோப்பு திரும்ப வராது, பழைய பிரதியிலிருந்துதான் எடுக்கவேண்டும்.

கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, புள்ளி தனியாகப் பக்கத்தில் விழுகிறது என்றால் கோப்பில் குறையில்லை. யூஎஸ்பியில் செருகிய டிவியின் சொந்த பிளேயருக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. கணினியிலிருந்து விஎல்சி வழியாக ஓட்டுங்கள். அதன் அமைப்புகளில் சப்டைட்டில் பகுதியில் எழுத்துருவை நிர்மலா யூஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் என்று மாற்றுங்கள்.

சப்டைட்டில் முதலில் சரியாக இருந்து, போகப் போக விலகுகிறது.

உங்கள் பிரதி வேறு வேகத்தில் ஓடுகிறது. நொடிக்கு 23.976 சட்டகத்துக்கு எழுதிய கோப்பை, 25க்கு வேகம் கூட்டிய பால் (PAL) டிவி முறைப் பிரதியோடு போட்டால் இப்படித்தான். பத்தாவது நிமிடத்தில் ஏறக்குறைய 25 நொடி தள்ளிப்போகும், 45 நிமிடப் படம் 43 நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். சப்டைட்டில் எடிட் போன்ற மென்பொருளில் எல்லா நேரத்தையும் 0.959ஆல் பெருக்குங்கள்.

தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு விலகல் என்றால் வேகம் சரி, தொடங்கும் இடம்தான் வேறு. விஎல்சியில் ஜி, ஹெச் விசைகள் ஒவ்வொரு அழுத்தலுக்கும் 50 மில்லிநொடி நகர்த்தும்.

கூடிப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

மூன்று மணி. முதலில் நிறுத்தாமல் முழுதாக. பிறகு தே தாரிக். இரண்டாவது முறை ஒவ்வொரு தமாரிய வரியிலும் நிறுத்தி, எல்லாரிடமும் ஓர் ஏ4 தாளும் பென்சிலும் கொடுங்கள். தாளில் மூன்று பத்தி: வரி, யார் எப்போது சொன்னது, நம் ஊகம். பேனா வேண்டாம், ஊகங்கள் மாறும். முன்பே தெரிந்தவர்கள் இரண்டாவது சுற்று வரை வாய் திறக்கக்கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பரில் மாலை இடிமழை கோலாலம்பூரில் வழக்கம். தகரக் கூரை போட்ட வீட்டில் டேத்தனின் கிசுகிசுப்பு ஒன்றும் கேட்காது. அந்த மாதங்களில் காலை பசியாறியதும் தொடங்கிவிடுவது நல்லது.

பிள்ளைகள் பார்க்கலாமா?

விலங்குச் சண்டையும் ஒரு சாவும் உண்டு, இரத்தம் பெரிதாக இல்லை. பத்து வயதுக்கு மேல் நன்றாகப் பிடித்துக்கொள்கிறார்கள். சொல்லப்போனால் பெரியவர்களைவிட வேகமாக. முடிந்தபின் அவர்கள் வீட்டு நிகழ்ச்சிகளிலிருந்து தமாரிய வரி செய்யச் சொல்லுங்கள். ‘அத்தை, பத்துமலைப் படியில்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அந்தக் குடும்பம் மட்டும் சிரிக்கும். பாடம் புரிந்துவிட்டது.

மண்டபம் எடுத்து எல்லாரையும் அழைக்கலாமா?

வீட்டில் அழைத்தவர்களோடு நிறுத்துங்கள். பொதுவில் திரையிட உரிமையாளரின் அனுமதி வேண்டும், 2002ஆம் ஆண்டு திரைப்படத் தணிக்கைச் சட்டமும் பொருந்தும்.

இரண்டாவது முறை பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

முதல் காட்சி. டேத்தனும் அவருடைய துணை அதிகாரியும் தங்களுக்குள் வாதாடுவது முதல்முறை வெறும் ஒலி. இப்போது முழுச் சண்டையும் கேட்கும்: துணை அதிகாரி கோபிக்கிறார், டேத்தன் டெமார்க் ஆற்றைச் சொல்லி அவரை அடக்குகிறார், பிறகு டனாகிரா என்று முடிவைச் சொல்கிறார். அந்த இளையவருக்குத் தன் கேப்டன் திரும்பிவராமல் போகலாம் என்று தெரிந்திருக்கிறது.

டேத்தன் உறங்குமுன் தன் உடையிலிருந்து சிறு பொருள்களை எடுத்து நெற்றியில் தொட்டுச் சுற்றிலும் வைப்பது. யாரும் விளக்குவதில்லை. நாமும் விளக்கவேண்டாம்.

கடைசியில் துணை அதிகாரி சொல்லும் ‘டெம்பா’ வரி ஏன் மாறுகிறது?

பிக்கார்ட் கப்பலுக்குத் திரும்பி, தமாரிய மொழியிலேயே நடந்ததைச் சொல்லிவிட்டு, டேத்தனின் புத்தகத்தைக் கொடுக்கிறார். துணை அதிகாரி ஒரு புதிய வரி சொல்கிறார்: ‘பிக்கார்டும் டேத்தனும், எல்-ஆட்ரலில்.’ அவர்கள் மொழிக்கு ஒரு சொல் கூடிவிட்டது. பிறகு பிக்கார்ட் கத்தியையும் நீட்டி ‘டெம்பா, இரு கரங்களும் அகல நீட்டி’ என்கிறார். வரும் பதில்: ‘டெம்பா, ஓய்வில்.’ நீட்டிய கை இனி தாழலாம், கத்தி உங்களிடமே இருக்கட்டும் என்று பொருள்.

இதை ‘டெம்பா, அமைதியில்’ என்று எழுதாதீர்கள். அமைதி ஏற்கெனவே டெமார்க் ஆற்றுக்குப் போய்விட்டது. ‘துயிலில்’ என்றால் இறந்தவரைச் சொல்வதாகிவிடும். ‘ஓய்வில்’ மட்டும்தான் பொருந்துகிறது. அந்த வரிக்குப் பின் இரண்டு நொடி திரையைக் காலியாக விடுங்கள்.